தண்ணீர் கொடுத்தவன் கொலைகாரன், வேடிக்கை பார்த்தவன் உத்தமனா?

தென்னார்க்காட்டான்:
நேற்று இந்த மன்றத்தின் ஹெல்மெட் விவாதத் திரியில் 'முன்னாள் பைலட்' என்கிற அறிவாளி போகிற போக்கில் ஒன்று எழுதிவிட்டுப் போனார். "அடிபட்டுக் கிடக்கிறவன் வாயில் தண்ணீர் ஊற்றுகிறவனைவிட, கையைக் கட்டி வேடிக்கை பார்க்கிறவன் மேல்." பதில் எழுதுவதற்குள் அந்தத் திரியைப் பூட்டிவிட்டார்கள். அதனால் இங்கே கேட்கிறேன்.

போன மாதம் திண்டிவனம் பைபாஸில் ஒரு பைக் நடுத்தடுப்பில் மோதி விழுந்து கிடந்தது. ஓட்டி வந்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சுற்றி முப்பது பேராவது நின்றார்கள். பாதிப் பேர் கையில் போன் இருந்தது, ஒருத்தரும் 108க்கு அடிக்கவில்லை. ஒருவர் மட்டும் "போலீஸ் வரட்டும், யாரும் தொடாதீங்க" என்று கூட்டத்துக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருந்தார். நான் வண்டியை ஓரம் கட்டி, 108க்கு அடித்து, தொடையில் ரத்தம் வந்த இடத்தைத் துண்டால் அழுத்திப் பிடித்தேன். அவர் "தண்ணி, தண்ணி" என்றார். கொடுத்தேன். ஆம்புலன்ஸ் வந்ததும் கூடவே ஏறி ஆஸ்பத்திரிக்கும் போனேன்.

ஆக, நான் கொலைகாரன், அந்த முப்பது பேர் உத்தமர்கள். அப்படித்தானே பைலட் சார்?

முன்னாள் பைலட்:
108க்கு அடித்தது சரி. அழுத்திப் பிடித்தது ரொம்பச் சரி. தண்ணீர் தப்பு. கொலைகாரன் என்று நான் எங்கேயும் எழுதவில்லை, அது உங்கள் தலைப்பு.

நினைவு தடுமாறுகிறவருக்கு விழுங்குவது ஒழுங்காக நடக்காது. தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். முழு நினைவோடு இருந்தாலும், உள்ளே மண்ணீரலோ குடலோ கிழிந்திருந்தால் நேராக ஆபரேஷன் தியேட்டருக்குத்தான் கொண்டுபோவார்கள். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும். பலத்த காயம் என்றால் வாய்வழியாக எதுவும் கொடுக்காதே என்பது முதலுதவி வகுப்பில் முதலில் சொல்லித் தருவது. துணியை நனைத்து உதட்டில் ஒற்றலாம், அவ்வளவுதான்.

ஒரே ஒரு கேள்வி. அவர் எவ்வளவு குடித்தார்?

கொங்குப் பொண்ணு:
ஏரோப்ளேன் ஓட்டினவங்க எல்லாம் வைத்தியம் சொல்ல ஆரம்பிச்சாச்சு. நல்ல காலம்தான்.

முன்னாள் பைலட்:
அம்மா, 108 ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவரைப் பைலட் என்றுதான் கூப்பிடுவார்கள். பின்னால் நோயாளியோடு இருந்து முதலுதவி செய்பவர் இ.எம்.டி. தமிழ்நாட்டில் அந்தச் சேவை 2008இல் வந்தது, அதில் பல வருஷம் ஓட்டியவன் நான். எதில் கிண்டல் செய்வது என்று கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்.

தென்னார்க்காட்டான் அவர்களே, எவ்வளவு குடித்தார்?

தென்னார்க்காட்டான்:
ஒரு மடக்கு. போதுமா? ரத்தம் போய், மே மாத வெயிலில் தார் ரோட்டில் கிடக்கிற மனுஷன் கேட்கிறார். "இருங்க, உங்க மண்ணீரலை ஸ்கேன் பண்ணிட்டுத் தர்றேன்" என்று சொல்லட்டுமா? தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லி எங்கள் பக்கம் பழக்கமில்லை. உங்கள் பக்கம் எப்படியோ.

முன்னாள் பைலட்:
ரத்தம் போனால் தாகம் எடுக்கும். வாயில் ஊற்றுகிற தண்ணீர் அந்தத் தாகத்தைத் தீர்க்காது, ரத்தக்குழாயில் ஏற்றும் திரவம்தான் தீர்க்கும். அது வண்டியில் இருக்கிறது. வெயிலில் சுருண்டு விழுந்தவர் முழு நினைவோடு இருந்தால் தாராளமாகக் கொடுங்கள், நான் தடுக்கவில்லை. விபத்து வேறு, வெயில் வேறு.

அப்புறம் 'எங்கள் பக்கம், உங்கள் பக்கம்' எல்லாம் வேண்டாம். நானும் செஞ்சிக்காரன்தான்.

மெடிக்கல் ரெப் மணி:
பைலட் அண்ணே, அரைகுறையாகப் பயமுறுத்தாதீர்கள். இப்போதெல்லாம் ஆபரேஷனுக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை வெறும் தண்ணீர் குடிக்க விடுகிறார்கள். நான் தினமும் மயக்க மருத்துவர்களைப் பார்க்கிறவன். ஒரு மடக்குத் தண்ணீரால் யாரும் செத்ததில்லை.

முன்னாள் பைலட்:
மணி, அது நாள் குறித்துச் செய்கிற ஆபரேஷனுக்கு. அடிபட்ட அதிர்ச்சியிலும் வலியிலும் இரைப்பை காலியாவது மந்தமாகிவிடும். அதனால்தான் விபத்து கேஸ் எல்லாவற்றையும் 'வயிறு நிறைந்தவர்' என்று எடுத்துக்கொண்டே மயக்கம் கொடுப்பார்கள். அடுத்த தடவை அந்த டாக்டரிடம் மாத்திரை சாம்பிள் கொடுக்கும்போது இதையும் கேளுங்கள்.

டோர்ட்முண்ட் சிவா:
இஞ்ச ஜெர்மனியில் இந்தச் சண்டைக்கே இடமில்லை. லைசென்ஸ் எடுக்க முன்னமே ஒரு முழு நாள் முதலுதவி வகுப்புக்குப் போக வேணும். காரில் முதலுதவிப் பெட்டி கட்டாயம். பார்த்துக்கொண்டு சும்மா நின்றால் குற்றவியல் சட்டம் 323சி, ஒரு வருஷம் வரை சிறை. அங்க நீங்கள் மடக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டு இருக்கிறீங்கள்.

கொங்குப் பொண்ணு:
வந்துட்டாருய்யா ஜெர்மனி தூதர். சிவா அண்ணா, உங்க டோர்ட்முண்டுக்குப் பக்கத்து ஊர் எஸ்ஸன்தானே? 2016 அக்டோபரில் அங்க ஒரு பேங்க் ஏ.டி.எம். அறையில், எண்பது தாண்டின பெரியவர் விழுந்து கிடந்தப்ப, பணம் எடுக்க வந்தவங்க வரிசையா அவரைத் தாண்டிப் போனதெல்லாம் கேமராவில் பதிவாச்சே, அவங்க எல்லாரும் முதலுதவி வகுப்புக்குப் போகாதவங்களா?

டோர்ட்முண்ட் சிவா:
அதில் மூன்று பேருக்குக் கோர்ட் அபராதம் போட்டது, தெரியுமோ? வீடில்லாதவர் படுத்திருக்கிறார் என்று நினைத்தோம் எண்டு சொன்னார்கள், நீதிபதி ஏற்கவில்லை. உங்கட ஊரில் அப்படி ஒரு கேஸ் காட்டுங்கோ பார்ப்பம்.

கொங்குப் பொண்ணு:
அந்தப் பெரியவர் ஆஸ்பத்திரியில் இறந்துட்டார். அபராதத்தை வச்சு என்ன பண்ணுவார்?

வக்கீல் குமாஸ்தா:
இங்கே யாருக்கும் சட்டம் தெரியவில்லை, ஆனால் எல்லோரும் தீர்ப்பு எழுதுகிறார்கள். நம் ஊரில் பிரச்சினை தண்டனை இல்லை, பயம். உதவினால் சாட்சி சொல்ல அலையணுமே என்கிற பயம். அதற்குத்தான் 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், உதவுகிறவர்களைப் பாதுகாக்கும் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலமும் பின்பற்றியாக வேண்டும் என்று சொன்னது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவைச் சேர்த்தார்கள், 2020இல் விதிகளும் வந்தன. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது சிவிலும் கிடையாது, கிரிமினலும் கிடையாது. உதவும்போது தெரியாமல் ஏதாவது தவறு நடந்தாலும் பாதுகாப்பு உண்டு. பெயர், முகவரி சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஆகவே தென்னார்க்காட்டான் எத்தனை மடக்கு கொடுத்திருந்தாலும் சட்டப்படி கவலையில்லை.

தென்னார்க்காட்டான்:
கேட்டுக்கொள்ளுங்கள் பைலட் சார், சட்டமே என் பக்கம்.

ஆனால் குமாஸ்தா ஐயா, கட்டாயமில்லை என்பதெல்லாம் புத்தகத்தில்தான். அந்த ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். என்ட்ரி, அதாவது விபத்துப் பதிவேட்டில் பதிவு, போடும்போது 'கொண்டு வந்தவர்' என்ற இடத்தில் என் பெயர், அப்பா பெயர், போன் நம்பர் எல்லாம் எழுதிக்கொண்டுதான் விட்டார்கள். "சொல்ல மாட்டேன் என்றால்?" என்று கேட்டதற்கு, "அப்ப நீங்கதான் இடிச்சீங்களா?" என்றார் அங்கே உட்கார்ந்திருந்தவர். ஸ்டேஷனிலிருந்து போனும் வந்தது. ஊர் பேர் சொல்லி வம்பில் மாட்ட விரும்பவில்லை.

வக்கீல் குமாஸ்தா:
எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தீர்களா? கொடுக்காமல் இங்கே வந்து புலம்பினால் 134ஏ என்ன செய்யும்?

முன்னாள் பைலட்:
சட்டம் அவர் பக்கம் இருக்கட்டும். அந்தப் பெரியவரின் நுரையீரலுக்குச் சட்டம் தெரியாது.

கூட்டத்தைப் பற்றியும் பேசிவிடுகிறேன், ஏனென்றால் என் வாக்கியத்தைப் பாதியாக வெட்டி இங்கே போட்டிருக்கிறார். ஸ்பாட்டுக்குப் போனால் நாங்கள் பயப்படுவது சும்மா நிற்கிறவனைப் பார்த்து இல்லை. நாலு பேர் கைகாலைப் பிடித்து நெல் மூட்டை மாதிரி தூக்கி ஷேர் ஆட்டோவில் மடக்கிப் போடுவான் பாருங்கள், அவனைப் பார்த்துத்தான். கழுத்தெலும்பு நகர்ந்திருந்தால் அந்த ஒரு தூக்கில் கைகால் விழுந்துவிடும். அடுத்தவன் வந்து ஹெல்மெட்டைப் பிடித்து இழுப்பான். இன்னொருவன் முகத்தில் சோடா அடிப்பான். இவர்கள் எல்லோரும் 'உதவினோம்' என்று வீட்டுக்குப் போய்ச் சொல்வார்கள்.

முப்பது பேர் நிற்கிறார்கள் என்றால் அது முப்பது ஜோடிக் கை. "யாராவது போன் பண்ணுங்க" என்று பொதுவாகக் கத்தினால் எவனும் பண்ண மாட்டான், பக்கத்தில் இருப்பவன் பண்ணுவான் என்று நினைப்பான். ஆளைச் சுட்டிச் சொல்ல வேண்டும். "நீலச் சட்டை, நீங்க 108க்கு அடிங்க. செக் லுங்கி அண்ணே, நீங்க அந்தப் பக்கம் போய் லாரியை மறிச்சு நிறுத்துங்க. அக்கா, உங்க குடையை இவருக்கு மேல பிடிங்க." சொன்னால் செய்வார்கள், பெரும்பாலும் நல்லவர்கள்தான். தென்னார்க்காட்டான் யாருக்காவது அப்படி ஒரு வேலை கொடுத்தாரா? இல்லை, எல்லாவற்றையும் தானே செய்து தானே நாயகன் ஆனாரா?

எவ்வளவு குடித்தார் என்பதற்கும் இன்னும் நேரான பதில் இல்லை.

தென்னார்க்காட்டான்:
பாட்டில் மூடியில் அரை மூடி! எழுதிக்கொள்ளுங்கள்.

முன்னாள் பைலட்:
முதலில் ஒரு மடக்கு, இப்போது அரை மூடி. நாளைக்குள் ஆவியாகிவிடும் போலிருக்கிறது.

நாற்காலி:
இது உளவியலில் எப்போதோ பேசித் தீர்த்த விஷயம். 1964இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண்ணைக் கத்தியால் குத்தியபோது 38 பேர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், ஒருவரும் அசையவில்லை. கூட்டம் பெருகப் பெருகப் பொறுப்பு கரையும். தமிழன், ஜெர்மன்காரன் என்ற பேதமெல்லாம் இல்லை.

கொங்குப் பொண்ணு:
அந்த 38 கதையை நியூயார்க் டைம்ஸே 2016இல் மிகைப்படுத்தினதுன்னு ஒத்துக்கிச்சு. பக்கத்து வீட்டம்மா ஒருத்தர் இறங்கி வந்து, கடைசி வரை அந்தப் பொண்ணைத் தாங்கிப் பிடிச்சிருந்தாங்க. நாற்காலி சார் இன்னும் பழைய பாடப் புத்தகத்திலேயே உட்கார்ந்திருக்கார்.

நாற்காலி:
38 முக்கியமில்லை. 1968இல் லாட்டனே, டார்லி என்ற உளவியலாளர்கள் செய்த சோதனைகளைப் படியுங்கள். கூட யாரோ இருக்கிறார்கள் என்று தெரிந்தால் உதவி செய்வது குறைகிறது, தாமதமாகிறது. நீங்கள் போன வருஷம் கீழடி திரியிலும் இப்படித்தான் ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்கினீர்கள்.

கொங்குப் பொண்ணு:
கீழடி திரியில் யார் பதில் சொல்லாம ஓடினதுன்னு எல்லாருக்கும் தெரியும் சார்.

மெடிக்கல் ரெப் மணி:
சரி, எனக்கு ஒரு சந்தேகம். இப்படிக் கொண்டுபோய்ச் சேர்த்தால் அரசுப் பரிசு உண்டே. தென்னார்க்காட்டான் வாங்கினாரா?

வக்கீல் குமாஸ்தா:
2021 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்தது. பலத்த காயம் பட்டவரை ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அப்போது 5,000 ரூபாய். அதை 25,000 ஆக்குவதாக 2025 ஜனவரியில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் கட்கரி சொன்னார், அந்த வருஷமே ஆக்கியும் விட்டார்கள்.

முன்னாள் பைலட்:
ஓ, அதற்குத்தான் பெயர், அப்பா பெயர் எல்லாம் கொடுத்தாரா?

தென்னார்க்காட்டான்:
நாக்கை அடக்கிப் பேசுங்கள். பரிசு வாங்குகிற எண்ணம் இருந்தால் இங்கே முகம் தெரியாத பேரில் எழுத மாட்டேன். துண்டு போனது, சட்டை போனது, அன்றைய வேலை போனது. அந்தப் பெரியவரின் மகன் அரக்கப்பரக்க வந்து "எவ்வளவு கட்டணும்" என்றுதான் முதலில் கேட்டான். முதல் 48 மணி நேரத்துக்கு அரசு கொடுக்கும், 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021லேயே வந்துவிட்டது என்று அவனுக்குச் சொன்னதும் நான்தான். அப்போது உங்கள் வண்டியில் வந்தவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

முன்னாள் பைலட்:
ட்ரிப் முடித்து, நோயாளியை ஒப்படைத்து, ஸ்ட்ரெச்சரைக் கழுவிவிட்டு டீ குடிப்பது குற்றமா? பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்த்தவனிடம் வந்து டீயைப் பேசாதீர்கள்.

டோர்ட்முண்ட் சிவா:
அந்த மனுஷன் இப்ப எப்படி இருக்கிறார் எண்டு ஒருத்தரும் கேட்கேல்லையே?

தென்னார்க்காட்டான்:
தொடை எலும்பு முறிவு, கம்பி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்துவிட்டார். நான் கொடுத்த தண்ணீரோடு!

முன்னாள் பைலட்:
தண்ணீரையும் மீறி. அந்த மயக்க மருத்துவருக்கு ஒரு கும்பிடு போடுங்கள்.

மெடிக்கல் ரெப் மணி:
அண்ணே, பிழைத்துவிட்டார் என்று ஆன பிறகும் விட மாட்டேன் என்கிறீர்களே.

முன்னாள் பைலட்:
இவர் பிழைத்தார் என்று படித்துவிட்டு நாளைக்கு இன்னொருவன் மயங்கிக் கிடக்கிறவன் வாயில் பாட்டிலைக் கவிழ்ப்பான். அவனுக்காகத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், உங்களுக்காக இல்லை. மடக்கா மூடியா என்று தென்னார்க்காட்டான் முடிவு செய்து சொல்லட்டும், காத்திருக்கிறேன்.

தென்னார்க்காட்டான்:
முதலில் நீங்கள் 'வேடிக்கை பார்க்கிறவன் மேல்' என்றதை வாபஸ் வாங்குங்கள். அப்புறம் மூடி, மடக்கு எல்லாம் பேசலாம்.

முன்னாள் பைலட்:
வாங்க மாட்டேன்.

கொங்குப் பொண்ணு:
நாற்காலி சார், கீழடி திரியோட சுட்டி தர்றேன். அங்க வாங்க.