வேதாரண்யம் பக்கம் ஊர்ப் பெயரெல்லாம் 'புலம்', 'கோட்டகம்' என்று முடிவது ஏன்?

வரைபடப்பித்தன்:

சாட்டிலைட் படத்தில் வேதாரண்யம் தாலுகாவைப் பெரிதாக்கிப் பார்த்தால் நிலம் சீப்பால் வாரிவிட்டது போல வரிவரியாகத் தெரிகிறது. வரிகளின் மேல் தோப்பும் வீடும், இடையில் வயல். ஊர்ப் பெயர்களும் இரண்டு கூட்டமாக இருக்கின்றன. கருப்பம்புலம், ஆயக்காரன்புலம், கத்தரிப்புலம், தென்னம்புலம் ஒரு பக்கம். தாணிக்கோட்டகம் மாதிரி 'கோட்டகம்' இன்னொரு பக்கம். இந்தப் பெயர்களுக்கும் அந்த வரிகளுக்கும் தொடர்பு உண்டா?

பிப்ரவரி கடைசியில் பிளஸ் ஒன் பிள்ளைகள் இருபது பேரை இரண்டு நாள் கூட்டி வருகிறோம். பறவையைப் பார்த்து, உப்புச் சத்தியாக்கிரக ஸ்தூபி முன்னால் படம் பிடித்து, பஸ் ஏறுகிற டூராக முடியக்கூடாது. எங்கே நின்று எதைப் பார்த்தால் இந்த மண் பிடிபடும்? அப்போது உப்பளத்தில் வேலை நடக்குமா?

மேட்டுக்கொல்லை:

தொடர்பு உண்டு. நீங்கள் பார்க்கிற ஒவ்வொரு வரியும் ஒரு காலத்துக் கடற்கரை. கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் கடல் விலக விலக, பழைய கரையின் மணல் மேடு அங்கேயே நின்றுவிட்டது, அதற்கு முன்னால் புதுக் கரை உருவானது. இரண்டு மேட்டுக்கும் நடுவில் தாழ்வு. வங்கக்கடல் ஓரமாக வடக்கே இருந்து தெற்கே ஓடி வருகிற கரை, கோடியக்கரையில் ஏறக்குறைய செங்குத்தாக மேற்கே திரும்புகிறது. அந்த மூலையில் ஒரு பக்கம் அலையடிக்கிற மணல் கரை, இன்னொரு பக்கம் அலை அடங்கிய பாக் நீரிணையின் சேறு. வடகிழக்கே மணல், தென்மேற்கே சதுப்பு என்று தாலுகா பிரிந்து கிடப்பது இதனால்தான்.

மேட்டில் குடியிருப்பு, தோப்பு, கொல்லை. மழைக்காலத்தில் நீர் கோத்துக்கொண்டு நிற்கும் தாழ்வுதான் கோட்டகம், அங்கே சம்பா நெல். இரண்டுக்கும் உயர வித்தியாசம் பெரும்பாலும் ஆள் உயரம்கூட இராது. ஆனால் பயிர், வீடு, சாலை எல்லாம் அந்தச் சில அடியைப் பார்த்துத்தான் அமைந்திருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: 'புலம்' என்றாலே மேடு என்று பிள்ளைகளிடம் விதியாகச் சொல்லிவிடாதீர்கள். புலம் என்றால் நிலம், அவ்வளவுதான். ஒரே வருவாய்க் கிராமத்தில் மேடும் பள்ளமும் சேர்ந்தே இருக்கும்.

இங்கே உண்மையான சங்கதி தண்ணீர். மணல் மேட்டில் விழும் மழை உள்ளே இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு என்பதால் கலக்காமல் நிற்கிறது. கணக்கு இது: நிலத்தடி நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு 1 அடி மேலே நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் வைத்து மேல்மட்டத்தை 1 அடி இறக்கினால், அடியிலிருந்து உப்பு 40 அடி மேலே ஏறத் தயாராகிறது. ஆழ்துளை போட்ட கொல்லையில் முதல் வருஷம் இளநீர் மாதிரி வந்த தண்ணீர், மூன்றாம் வருஷம் கரிப்பது இதனால்தான். ஆழமில்லாத குட்டை தோண்டி, குடத்தால் மொண்டு புகையிலைக்கும் முல்லைக்கும் ஊற்றும் பழக்கம் இந்தப் பக்கம் வந்ததை வறுமை என்று மட்டும் நினைக்கக் கூடாது. மேலே இருப்பதை வழித்து எடுக்கிற முறை அது, அடியைக் கலக்காது.

டி.டி.எஸ். பேனா (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் கருவி) ஒன்று வாங்கி வாருங்கள். மேட்டுக் கிணறு, குட்டை, வயல் வாய்க்கால், உப்பளத்து ஓடை, கடல் என்று வரிசையாக வைத்துக் குறிக்கச் சொல்லுங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்புடையது, வேறு வழி இல்லையென்றால் 2000 வரை. கடல் நீர் 35,000 பக்கம். மலிவுப் பேனாக்கள் 9,990க்கு மேல் காட்டாது. அதனால் கடல் நீரை 10 மில்லி எடுத்து, கேன் தண்ணீர் சேர்த்து 100 மில்லி ஆக்கி அளந்து, பத்தால் பெருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் கடலுக்கும் உப்பளத்துக்கும் ஒரே எண்ணை எழுதி வைப்பார்கள்.

டிகிரிக்காரன்:

உப்பளம் பற்றி. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை அளத்தை மூடிவிடும். ஜனவரியில் தண்ணீரை வடித்து வேலை தொடங்கி, செப்டம்பர் வாக்கில் முடிப்பார்கள். பிப்ரவரி கடைசி நல்ல நேரம். சில பாத்தி தயாராகிக்கொண்டிருக்கும், சிலவற்றில் முதல் உப்பு இறங்கியிருக்கும், இரண்டையும் பார்க்கலாம். அகஸ்தியன்பள்ளி, கடிநெல்வயல் பக்கம் போங்கள். அளக்காரரிடம் முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது முக்கியம். வரப்பில் இருபது பேர் நடந்தால் வரப்பு உடையும்.

பாத்தி கட்டுவதில்தான் பாதி வேலை. மழைச் சேற்றை வாரி எடுத்து, தரையைச் சமன் செய்து, ஈரப்பதம் பார்த்துக் காலால் மிதித்து இறுக்குவார்கள். தரை சிமென்ட் போட்டது மாதிரி ஆகும்வரை மிதிக்க வேண்டும். சரியாக மிதிக்காத பாத்தியில் இரண்டு கேடு: தண்ணீர் கீழே இறங்கிப் போகும், வாரும்போது மண் சேர்ந்து வந்து உப்பு கறுக்கும்.

அடுத்தது டிகிரி, அதாவது உப்புத் தண்ணீரின் அடர்த்தியைச் சொல்லும் போமே அளவு. ஹைட்ரோமீட்டரில் (தண்ணீரில் மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் குழாய்) கடல் நீர் 3 அல்லது 3.5 டிகிரி காட்டும். அதைப் பெரிய தெப்பத்தில் (தேக்கிவைக்கும் பாத்தியில்) நிறுத்தி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றி மாற்றி வெயிலில் சுண்ட விடுகிறார்கள். 13 டிகிரி தாண்டியதும் ஜிப்சம் படியத் தொடங்கும். 24, 25 வந்த பிறகுதான் உப்புப் பாத்திக்குள் விட வேண்டும். அதற்குள் தண்ணீர் பத்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். அவசரப்பட்டு 20லேயே விட்டால் ஜிப்சம் உப்புப் பாத்தியில் படிந்து தரம் கெடும். இன்னொரு முனையில், 29 தாண்டியும் வடிக்காமல் விட்டால் மெக்னீசியம் உப்பு சேரும். அந்த உப்பு கசக்கும், மூட்டையிலேயே ஈரத்தை இழுத்து ஒழுகும். ஆக உப்பு என்பது 25க்கும் 29க்கும் நடுவில் இருக்கிற சின்ன ஜன்னல். இதைப் பிள்ளைகளுக்குப் பலகையில் எழுதிக் காட்டுங்கள், பிறகு மீட்டரைக் கையில் கொடுத்துப் பாத்தி பாத்தியாக விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

உப்பு பிடிப்பதைக் குனிந்து பார்க்க வேண்டும். காலையில் தண்ணீர் மேல் மெல்லிய ஆடை மாதிரி மிதக்கும். ஒவ்வொரு துண்டும் தலைகீழாய்ப் பிடித்த சின்னக் கூம்பு, உள்ளே படிக்கட்டு. காற்று ஆட்டினால் அப்படியே மூழ்கித் தரையில் கல்லாகப் பருக்கும். தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தால் அழுக்கு என்று நினைக்க வேண்டாம். உப்பு மிகுந்த தண்ணீரில் வாழும் நுண்ணுயிர் அது. அந்த நிறம் வெயிலைக் கூடுதலாக வாங்கித் தருவதால் அளக்காரருக்கு லாபம்தான்.

கோடை மழை ஒன்று போதும், பாத்தியில் இருப்பது கரைந்து டிகிரி விழும், மறுபடி முதலிலிருந்து. வாரிய உப்பை மேட்டில் அம்பாரமாகக் குவித்துக் கீற்றோ தார்ப்பாயோ போட்டு மூடுவதும் அதற்காகத்தான். சாப்பாட்டு உப்பு என்றால் பொட்டாசியம் அயோடேட் கலக்க வேண்டும்: கடையில் வாங்கும்போது கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்குப் பழைய செருப்பு, கறுப்புக் கண்ணாடி, தொப்பி கட்டாயம். வெள்ளைத் தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைக் கூசும். காலில் சின்னப் புண் இருந்தாலும் அன்றைக்குப் பாத்தியில் இறங்க விடாதீர்கள். வருஷக்கணக்கில் இதில் நிற்பவர்களுக்குக் காலும் கண்ணும்தான் முதலில் போகின்றன. அதை அவர்கள் வாயால் கேட்கட்டும்.

பழஞ்சுவடி:

ஸ்தூபி விஷயத்தில் பலர் தேதியைக் குழப்புகிறார்கள். ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்டது 1930 ஏப்ரல் 13. வேதாரண்யம் வந்து சேர்ந்தது 28. உப்பு அள்ளியதும் கைதானதும் 30. அள்ளிய இடம் வேதாரண்யம் ஊருக்குள் இல்லை, அகஸ்தியன்பள்ளியில். நடந்த தூரம் சுமார் 240 கிலோமீட்டர், நூறு பேர் அளவில் தொண்டர்கள். வழி தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி.

இந்த ஊர் ஏன் என்று கேட்டால் இரண்டு பதில். உப்பு இருந்தது ஒன்று. வேதரத்தினம் பிள்ளை இருந்தது இன்னொன்று. உள்ளூரில் சோறு, இடம், ஆள் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தவர் அவர். பிற்பாடு 1946இல் கஸ்தூர்பா காந்தி கன்யா குருகுலத்தை நிறுவியவரும் அவர்தான். தொண்டர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் மிரட்டியபோது, பொட்டலத்தை வழியோர மரக்கிளையில் கட்டிவிட்டுப் போனார்கள். தான் முகச்சவரம் செய்துவிட்டுக்கொண்டிருந்த ஆள் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதியில் கத்தியை மடக்கிய நாவிதர் வைரப்பனையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தலைவர் பெயரோடு வரலாறு நின்றுவிடக் கூடாது.

கோயில் பழைய பெயர் திருமறைக்காடு. அப்பர் பாடிக் கதவு திறந்ததும் சம்பந்தர் பாடி மூடியதும் தெரிந்த கதை. அம்பாள் யாழைப் பழித்த மொழியாள். 'திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு' என்பார்கள், சாயங்காலம் போங்கள். ஆனால் நிலத்தைப் படிக்க வருபவர்களுக்கு நான் சொல்வது கோடியக்காட்டுக் குழகர் கோயில். சுந்தரர் அந்தப் பதிகத்தில், கடற்காற்று அடிக்கிற இந்தக் கரையில் பக்கத்தில் ஒரு குடிகூட இல்லாமல் தனியாக இருக்கிறாயே என்று இறைவனைக் கேட்கிறார். அந்தக் காலத்தில் முனைப்பகுதி ஆளில்லாக் காடாக இருந்ததற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

வரைபடப்பித்தன்:

மூவருக்கும் நன்றி. காடு பக்கம் யாராவது சொல்லுங்களேன். ரயிலில் வர முடியுமா?

பாலைமரத்தடி:

முடியும். திருத்துறைப்பூண்டி–அகஸ்தியன்பள்ளி 37 கிலோமீட்டர் அகலப்பாதை 2023 ஏப்ரல் 8இல் திறக்கப்பட்டது. பழைய மீட்டர்கேஜில் கோடியக்கரை வரைக்கும் தண்டவாளம் இருந்தது, அந்தக் கடைசிப் பகுதி இப்போது இல்லை. நேரத்தைப் புறப்படும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அகஸ்தியன்பள்ளியில் இறங்கினால் ஸ்தூபியும் உப்பளமும் பக்கத்திலேயே. அங்கிருந்து தெற்கே கோடியக்காடு, கோடியக்கரை.

கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயம் 1967இல் அறிவிக்கப்பட்டது. சுற்றியுள்ள சதுப்பையும் சேர்த்து 2002இல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியல்) வந்தது, 385 சதுர கிலோமீட்டர். எல்லோரும் பூநாரையைத் தேடிப் போவார்கள். காட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இது பசுமை மாறா வறண்ட காடு. மழை மூன்று மாதம், மீதி வெயில், ஆனாலும் இலை உதிராது. தோல் மாதிரித் தடித்த இலை, உப்புக் காற்றில் குட்டையாய்ப் பரந்த முடி. அதிகம் இருப்பது பாலை மரம். மே, ஜூனில் அதன் பழம் சாலையோரம் விற்பனைக்கு வரும், கையெல்லாம் பிசின் ஒட்டும். ராமர் பாதம் இருக்கிற மணல் மேட்டில் ஏறினால் காடு, புல்வெளி, சதுப்பு மூன்றும் ஒரே பார்வையில் விழும். மேட்டுக்கொல்லை சொன்ன பாடத்தை அங்கே நின்று முடித்துவிடலாம்.

வெளிமான் திறந்த புல்வெளியில்தான் நிற்கும். விடியற்காலை அல்லது நாலு மணிக்கு மேல். புல்வெளிக்கு இரண்டு தொல்லை: சீமைக்கருவேலம் ஏறி வருவது, காட்டுக்குதிரைகள் மானோடு புல்லுக்கும் குடிதண்ணீருக்கும் போட்டியிடுவது. குதிரையை அப்புறப்படுத்த வேண்டுமா என்று இன்னும் வாதம் நடக்கிறது. பிள்ளைகளுக்கு நல்ல விவாதத் தலைப்பு.

டிசம்பர், ஜனவரி போல அடர்த்தியாகப் பறவை இராது, ஆனால் பிப்ரவரி கடைசியிலும் நீர்ப்பறவைகள் கிடைக்கும். அதே சமயம் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடல் ஆமை) முட்டைக் காலம். வனத்துறை குஞ்சு பொரிப்பகத்தில் முட்டையைப் புதைத்து வைத்திருப்பார்கள், 45 முதல் 60 நாளில் பொரிக்கும். அனுமதி கேட்டால் காட்டுவார்கள்.

மேட்டுக்கொல்லை:

ஒன்று விட்டுப்போச்சு. 2018 நவம்பர் 16 கஜா புயலைச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். மேட்டு நிலம் வெள்ளத்துக்குத் தப்பும், காற்றுக்குத் தப்பாது. தென்னையும் மாமரமும் மேட்டில்தான் இருந்தன, அவைதான் வேரோடு போயின. தாழ்வில் இருந்த அளத்திலும் கரையிலும் சேறு ஏறியது. கொல்லைகளில் இப்போது நிற்கிற தென்னையின் உயரத்தைப் பாருங்கள், எதெல்லாம் புயலுக்குப் பிறகு வைத்தது என்று எண்ணிச் சொல்லலாம்.

டிகிரிக்காரன்:

மீனவர்களையும் சேருங்கள். ஆறுகாட்டுத்துறை, புஷ்பவனம், வெள்ளப்பள்ளம் மூன்றும் நிலையான ஊர். கோடியக்கரையில் அக்டோபரிலிருந்து மார்ச் வரை சீசன், வெளியூர்ப் படகுகள் வந்து கரையில் கொட்டகை போட்டுத் தங்கும். நீங்கள் வரும்போது அந்தக் கொட்டகைகள் இருக்கும். மார்ச்சோடு சீசன் முடிந்து, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலமும் வந்துவிடும், அப்போது திட்டமிட்டால் இந்தக் காட்சி கிடைக்காது. படகு கரையேறி மீன் பிரிக்கும் நேரத்தில் குறுக்கே நின்று கேள்வி கேட்க வேண்டாம், வலையை உதறி முடித்த பிறகு கேளுங்கள்.

ஹைட்ரோமீட்டர் இரண்டாக வாங்கி வாருங்கள். கண்ணாடிக் கருவி அது, பாத்தி வரப்பில் விழுந்து உடைந்தால் அன்றைய பாடம் அதோடு முடிந்தது.