நெடுந்தீவுப் பிள்ளைகளைப் படமெடுக்கப் போனபோது

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கும் நெடுந்தீவுக்குக் கமராவோடு போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே படங்களோடுதான் வருகிறார்கள்: குதிரைகள், பெருக்கமரம், ஒல்லாந்தர் கோட்டை, முருகைக்கல் மதில். பின்னேரப் படகில் குறிகட்டுவான் இறங்குதுறைக்குத் திரும்பிவிடுவார்கள். நான் எடுப்பது அங்குள்ள பதின்ம வயதுப் பிள்ளைகளை. அதே பிள்ளைகளைத்தான், வருடா வருடம், வளர வளர. இதற்கு இரவு தங்கியே ஆகவேண்டும். கடைசிப் படகு போன பிறகும் நாம் அங்கே நிற்பதைக் கண்டால்தான் பெடியள் கிட்ட வந்து கதைப்பார்கள். வெளிச்சமும் அப்போதுதான் நல்லது. நடுப்பகலில் முருகைக்கல்லில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் யாராலும் கண்ணைத் திறந்து நிற்க முடியாது.

முதலில் நான் பார்த்தபோது தம்பிக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட ஒரு பெடியன், இப்போது தகப்பனோடு மீன்பிடித் தொழிலுக்குப் போகிறான். குதிரைகள் நிற்கும் வெளியில் வைத்து எடுக்கலாமா என்று கேட்டேன். "குதிரை வேண்டாம் அண்ணை. இஞ்சினோட எடுங்கோ" என்றான். சட்டையில் வெள்ளையாக உப்புக் கோடு, சுட்டுவிரலில் தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) அறுத்த தழும்பு. படகை விட்டு இறங்காமல், கையை இஞ்சின் மேல் வைத்தபடி நேராகப் பார்த்தான். நான் எடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்த படம் அது. இடத்தை அவர்களே தெரிவு செய்யட்டும் என்று அதற்குப் பிறகு விட்டுவிட்டேன்.

பெண்பிள்ளைகள் என்றால் முதலில் தாயிடம்தான் கேட்க வேண்டும், அப்புறம் பிள்ளையிடம். தாய் சம்மதித்தும் பிள்ளை தயங்கினால் எடுக்கக் கூடாது. சாதாரண தரப் பரீட்சை எழுதவிருந்த ஒருத்தி, பள்ளிச் சீருடையில் வீட்டுக் கிணற்றடியில் நிற்க விரும்பினாள். தாய் என் பின்னால் நின்று, "பேஸ்புக்கில போடமாட்டியள்தானே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். போடவில்லை. அவளோ அவசரமே படாமல் ரிப்பனை அவிழ்த்து, இரட்டைப் பின்னலை மறுபடி மடித்துக் கட்டினாள். அடுத்தமுறை போகும்போது பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுபோய்த் தாயின் கையில் கொடுத்தேன். உப்புக் காற்றில் வெறும் பிரதி கெட்டுவிடும்.

சுமார் 50 சதுர கிலோமீற்றர் தீவு, இருப்பவர்கள் 5,000 பேருக்கும் குறைவு. படிப்புக்கும் வேலைக்கும் என்று பிள்ளைகள் யாழ்ப்பாணம் போய்க்கொண்டே இருக்கிறார்கள். அதனால்தான் ஒரு வருடம்கூடத் தள்ளிப்போட எனக்கு மனம் வருவதில்லை. தீவின் படகுத்துறையான மாவிலித்துறையில் பையோடு படகேறும் பிள்ளையைப் படமெடுக்கலாம், கேட்டுவிட்டு. ஆனால் மே 15 அன்று, 1985இல் குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களை நினைத்து ஊர் கூடும் நாளில், யாராவது கூப்பிட்டாலன்றிக் கமராவை வெளியே எடுப்பதில்லை. அந்தக் கூட்டத்தில் நிற்கும் பிள்ளைகள் பலருக்கு அது சொந்த வீட்டுத் துக்கம்.

கிணற்றடியில் நின்றவள் இப்போது யாழ்ப்பாணத்தில் படிக்கிறாள். இந்த வருடம் அவளுடைய தங்கச்சி தன்னை எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அவளுக்குக் கிணற்றடி வேண்டாமாம், ஓடும் படகின் மேல் நிற்க வேண்டுமாம். தாயிடம் இன்னும் கேட்கவில்லை. சோளகக் காற்று அடங்கியதும் போகவேண்டும்.