அப்பாவுக்கு 46, எனக்கு 43

செந்தூல்வாசி:
போன மாதம், 43 வயதில், எனக்கு இருதயக் குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழல்) வைத்தார்கள். சிகரெட் கிடையாது. மற்றதெல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை, விடுங்கள். மனசை விட்டுப் போகாதது வேறு. மறுபடி காட்டப் போனபோது ஒரு இளம் டாக்டர், நம்ம பிள்ளைதான், கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டே அப்பா எத்தனை வயதில் போனார் என்று கேட்டார். 46, அட்டாக் என்றேன். "சின்ன வயசுல வீடு எப்படி அண்ணே?" என்றார். சிரித்துவிட்டேன். ஆனால் காதில் அப்பாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டுவிட்டது. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) முனையில் இன்ஜின் நின்றதும் நானும் அம்மாவும் மூச்சை அடக்கிக்கொண்டு, அவர் நடக்கிற சத்தத்தை வைத்தே இன்றைக்கு எவ்வளவு சம்சு சாராயம் என்று கணக்குப் போடுவோம். பட்டை இறுகி இறங்கியது. முதலில் 134 காட்டிய மெஷின் இப்போது 171. டாக்டர் எதுவும் பேசவில்லை. தம்பியை மூன்று வயதிலேயே பாட்டி பினாங்குக்குக் கொண்டுபோய்விட்டார், அவன் நன்றாக இருக்கிறான். ஒரே ரத்தம்தானே?

ஆயர் ஈத்தாம் குமார்:
ஒரே ரத்தம் என்பதே தப்பு சார். அப்பாவிடம் கெட்ட கொழுப்பை ஏற்றும் மரபணுக் கோளாறு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. உங்களுக்கு விழுந்திருக்கும், தம்பி தப்பியிருப்பார். எங்கள் வீட்டில் யாரும் கை ஓங்கியதே இல்லை, அப்பா தங்கமான மனிதர். அண்ணனுக்கு 38-ல் அட்டாக். குளிப்பாட்டும்போதுதான் பார்த்தேன், குதிகால் தசைநாரில் கட்டி கட்டியாகக் கொழுப்பு, அந்தக் கோளாறின் அடையாளம். இத்தனை வருஷம் செருப்பு கடிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஓய்வுபெற்ற தாதி:
குமார் தம்பி, எல்லாவற்றையும் ஜீன் தலையில் கட்டாதீர்கள். 1998-ல் சான் டியாகோவில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சிறுவயதுத் துன்பங்களைக் கேட்டு ஒரு ஆய்வு வந்தது. அடி, குடிகார வீடு, அம்மா அடிபடுவதைப் பார்ப்பது, இப்படி நான்கு வகையோ அதற்கு மேலோ பட்டவர்களிடம் இருதய நோய் ஏறக்குறைய இரு மடங்கு. பயந்தே வளர்ந்த பிள்ளையின் உடம்பு எப்போதும் ஓடத் தயாராகவே நிற்கிறது. பிரஷர் ஏறும், ரத்தக்குழாயில் அழற்சி தங்கும், பிறகு சிகரெட்டும் இனிப்பும் தூக்கமின்மையும் வந்து ஒட்டிக்கொள்ளும். ஜீன் பலவீனமும் அதோடு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நானே 1.9 கிலோவில் பிறந்தவள். அம்மா கடைசி மாதம் வரை ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனார். குறைந்த எடையில் பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இருதய நோய் கூடுதல் என்று 80-களிலேயே இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் எழுதிவிட்டார். வார்டில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

தித்திவங்சா நடையாளி:
சண்டை வேண்டாம். சார், காலையில் ஏரியைச் சுற்றி நடங்கள். தே தாரிக் டீயில் பாலைக் குறைக்கச் சொல்லுங்கள். ரொட்டி சானாய் பரோட்டா வாரம் ஒருமுறை போதும். பூண்டு நல்லது, ஆனால் அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், என் மச்சான் நிறுத்தினார், சரி அதை விடுங்கள். 2016-ல் வந்த ஒரு பெரிய ஆய்வில், மரபணு ஆபத்து அதிகம் உள்ளவர்களிலும் புகைக்காமல், எடை கூடாமல், நடந்து, ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய பாதி குறைவு என்று கண்டார்கள். அப்புறம் ரத்தத்தில் லிப்போபுரோட்டீன் (a) என்று ஒரு வகைக் கெட்ட கொழுப்புத் துகள் உண்டு, பெரும்பாலும் பரம்பரை, வாழ்நாளில் ஒருமுறை பார்த்தாலே போதும், கேளுங்கள். எனக்கு அட்டாக் எதுவும் வரவில்லை, சும்மா சொல்கிறேன்.

செந்தூல்வாசி:
பூண்டுக்கு நன்றி. குமார் சொன்னதற்காகத் தம்பிக்கு நேற்று போன் போட்டு, கொழுப்பைப் பரிசோதிடா என்றேன். எதற்கு என்றான். முழுக் கதையும் சொன்னேன், மோட்டார் உட்பட. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அப்பா அப்படியா இருந்தாரு?" என்று கேட்டான்.