புதுக் காரின் முன் எண் பட்டை: துளை போடுவதா, ஒட்டுவதா?

லெட்சுமி, பட்டர்வொர்த்:

வணக்கம். அடுத்த வாரம் புதுக் கார் கைக்கு வருகிறது. பதிவு எண் கிடைத்துவிட்டது, காப்புறுதியும் முடிந்துவிட்டது. மிச்சமிருப்பது முன் எண் பட்டை மட்டும்தான். அதற்குத்தான் வீட்டில் மூன்று கட்சி.

முன் பம்பரில் துளை போட்டுத் திருகாணியால் முடுக்கித் தருவதாக விற்பனையாளர் சொல்கிறார். என் கணவருக்கு அதைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. ஒன்பது ஆண்டு தவணை கட்டப்போகும் காரில் முதல் நாளே ஓட்டையா என்று கேட்கிறார். இருபக்கம் ஒட்டும் நாடா போதுமாம். ஃபுளோரிடாவில் படிக்கும் நாத்தனார் மகன் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டான். அங்கே முன்னால் பட்டையே கிடையாதாம். கண்ணாடிக்கு உள்ளே டேஷ்போர்டில் சாய்த்து வைத்தால் போதும், காரின் அழகு கெடாது என்று யோசனை சொல்கிறான்.

நான் தினமும் பினாங்குப் பாலத்தைக் கடந்து பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவள். சாலைத் தடுப்பில் கண்ணாடியை இறக்கிப் பதில் சொல்லப்போவது நான்தான், இவர்கள் இல்லை.

இன்னொரு கவலையும் இருக்கிறது. கிரில்லின் கீழ்ப்பகுதியில் உள்ளங்கை அளவுக்கு வழவழப்பான கறுப்புச் சதுரம் ஒன்று உண்டு. முன்னே போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் குறைக்கும் ரேடார் அதற்குள் இருக்கிறதாம். காட்சிக்கு நிறுத்தியிருந்த காரில் எண் பட்டையின் மேல் விளிம்பு அந்தச் சதுரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. கேட்டதற்கு, "எல்லாருக்கும் இப்படித்தான் மாட்டுகிறோம், அக்கா" என்றார் விற்பனையாளர். அது எனக்குப் பதிலாகத் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செந்தூல்வாசி:

அக்கா, முதலில் அந்தத் தம்பியின் யோசனையைத் தள்ளிவையுங்கள். அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஃபுளோரிடாவிலும் பென்சில்வேனியாவிலும் பின் பட்டை மட்டும்தான். கலிஃபோர்னியா, நியூயார்க் என்றால் இரண்டும் வேண்டும். ஒஹாயோவில் 2020 ஜூலையில்தான் முன் பட்டை வேண்டாம் என்று விட்டார்கள். நம் மலேசியாவில் அந்தச் சலுகை எந்த மாநிலத்துக்கும் கிடையாது. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும், வாகனப் பதிவுக்கான 1959ஆம் ஆண்டு விதிகளும் எல்லாருக்கும் பொது. முன்னும் பின்னும் பட்டை இருக்க வேண்டும், தெளிவாகத் தெரிய வேண்டும்.

டேஷ்போர்டில் வைத்தால் வெயில் நேரத்தில் கண்ணாடியில் வானம்தான் தெரியும், எண் தெரியாது. இங்கே கோலாலம்பூரில் பல பேரங்காடிகளின் வாகன நிறுத்துமிடத்தில் எண்ணைக் கேமராதான் படித்துத் தடுப்பைத் திறக்கிறது. பட்டையைப் படிக்க முடியாமல் தடுப்பு திறக்காதபோது பின்னால் நிற்கிறவர்கள் அடிக்கும் ஹாரனைக் கேட்டவர்கள் அந்த யோசனையைச் சொல்ல மாட்டார்கள்.

பிறை மணியம்:

அம்மா லெட்சுமி, நான் பிறையில் எண் பட்டைக் கடை வைத்திருந்தவன். இப்போது மகன் பார்க்கிறான். நான் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவன் வேலையில் குறை கண்டுபிடிக்கிறேன். ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்கு முதலில் ஒன்று சொல்கிறேன். பம்பர் பிளாஸ்டிக். துளை போட்டால் துரு ஏறாது. காரைச் செய்தவனே அங்கே பட்டை வரும் என்று தெரிந்துதான் செய்திருக்கிறான். பல கார்களில் பம்பரின் உள்பக்கம் விரலால் தடவினால் சின்னச் சின்னக் குழிகள் தட்டுப்படும். துளை விழ வேண்டிய இடத்துக்கு அடையாளம் அது. சில கார்களுக்குப் பின்பெட்டியில், இழுவைக் கொக்கி இருக்கும் பையோடு ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தாங்கியும் வரும். அதை அந்த பம்பரின் வளைவுக்கென்றே வார்த்திருப்பார்கள். அவசரத்தில் இருக்கிற விற்பனையாளர் அந்தப் பையைத் திறப்பதேயில்லை. கையில் கிடைத்த இரண்டு திருகாணியால் நேராக முடுக்கிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடுவார். போய்ப் பையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

துளை போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். வண்ணம் உரியாமலிருக்க முதலில் காகித நாடாவை ஒட்ட வேண்டும். பிறகு 3 மில்லிமீட்டர் துளையூசி, மெதுவான சுற்று. ஊசியின் நுனியிலிருந்து விரற்கடை அளவு விட்டு மேலே நாடாவைச் சுற்றிக்கொண்டால் அதற்கு மேல் உள்ளே இறங்காது. இது ஏன் என்றால் கிரில் பகுதிக்குப் பின்னாலேயே ஏர்கண்டிஷனின் வாயுவைக் குளிர்விக்கும் கண்டென்சர் நிற்கிறது. அதன் தகடுகள் அப்பளம் மாதிரி. நீளத் திருகாணி ஒன்று போய்க் குத்தினால் வாயு இறங்கிவிடும். அப்புறம் நம் ஊர் வெயிலில் பாலத்து நெரிசலில் நிற்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். திருகாணி குட்டையாக, துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். சாதாரண இரும்புத் திருகாணி போட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் வெள்ளை பம்பரில் பழுப்புக் கோடு இறங்கும்.

ஒட்டுநாடா ஆகவே ஆகாது என்று சொல்ல மாட்டேன். தட்டையான பரப்பில் நல்ல நாடா நன்றாகவே பிடிக்கும். ஆனால் பம்பர் வளைந்தது, பட்டை நேரானது. இரண்டு முனைகளும் எந்நேரமும் விலகத்தான் பார்க்கும். கார் கழுவும் கடையில் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பவன் முதலில் குறிவைப்பது அந்த முனையைத்தான். 2017 நவம்பரில் பினாங்கு மூழ்கியதே, அந்த வெள்ளம் வடிந்த பிறகு போலீஸ் புகார்த் தாளோடு கடைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஒட்டியவர்கள்தான். பட்டை மிதந்து போய்விட்டது. தொலைந்த பட்டை இன்னொருவன் காரில் ஏறிவிட்டால் அவன் வாங்குகிற சம்மன் உங்கள் பெயருக்கு வரும். அதனால்தான் புகார் கொடுத்துவிட்டு வா என்று யாரையும் திருப்பி அனுப்புவேன்.

ரேடார் விஷயத்தில் உங்கள் சந்தேகம் நியாயம்தான். பிளாஸ்டிக்கை ரேடார் அலை ஓரளவு ஊடுருவும், உலோகத்தை ஊடுருவாது. பட்டையைச் சுற்றிப் பளபளவென்று உலோகச் சட்டம் போட்டு அன்பளிப்பு என்று கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிளாஸ்டிக் பட்டையே ஆனாலும் அந்தச் சதுரத்தைத் தொடக்கூடாது, இரண்டு விரல் கீழே இறக்கி மாட்டட்டும். பம்பரில் நாணயம் போல வட்டமாகத் தெரிகிறவை நிறுத்த உதவும் உணரிகள். அவற்றையும் மறைக்கக்கூடாது, மறைத்தால் முன்னால் எதுவும் இல்லாமலே கத்திக்கொண்டிருக்கும். மாட்டிய பிறகு காரை நீங்களே கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்து, எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை என்று தெரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

கடைசியாகப் பட்டை. எழுத்து 70 மில்லிமீட்டர் உயரம், 40 அகலம், கோட்டின் தடிப்பு 10. எழுத்துக்கும் எழுத்துக்கும் இடைவெளி 10. எழுத்துகள் முடிந்து எண்கள் தொடங்கும் இடத்தில் 30. கறுப்பில் வெள்ளை. இந்த 30 படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. இளவட்டங்கள் வந்து அதை நெருக்கிக் கொடு, காதலி பெயர் மாதிரி படிக்கட்டும் என்பார்கள். நான் செய்ய மாட்டேன். அடுத்த தெருவில் செய்து வாங்கிப் போய், சம்மனோடு திரும்பி வந்து என்னிடமே புதுப் பட்டை கேட்பார்கள். அதில் எனக்கு நஷ்டமில்லை.

மின்வண்டிக்காரன், கோலாலம்பூர்:

மணியம் ஐயா சொன்ன கறுப்பு வெள்ளை, எண்ணெயில் ஓடும் கார்களுக்கு. வாடகைக் காருக்கு (டாக்சிக்கு) வெள்ளையில் கறுப்பு என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மின்சாரக் காருக்கு 2024 செப்டம்பரில் அரசாங்கமே தனிப் பட்டை கொண்டுவந்தது. ஒரு ஜோடி 98 ரிங்கிட், உள்ளே தொடாமலே கருவியால் படிக்கக்கூடிய ஆர்.எஃப்.ஐ.டி. சில்லு இருக்கிறது. அதைக் கடையில் அடித்து வாங்க முடியாது. அக்கா வாங்குவது மின்சாரக் கார் என்றால் விற்பனையாளரிடம் அதைத் தனியாகக் கேளுங்கள்.

லெட்சுமி, பட்டர்வொர்த்:

மின்சாரம் இல்லை தம்பி, பெட்ரோல்தான்.

மணியம் ஐயா, உங்கள் பதிலை அச்சடித்துக் கையோடு கொண்டு போனேன். பின்பெட்டியில் பை இருந்தது, பைக்குள் தாங்கியும் இருந்தது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. விற்பனையாளர் இதெல்லாம் வெளிநாட்டுக்கு அனுப்பும் காருக்கு என்றார். வைத்துப் பாருங்களேன் என்றேன். பம்பர் வளைவில் அப்படியே பொருந்தி உட்கார்ந்தது. பட்டையின் மேல் விளிம்புக்கும் ரேடார் சதுரத்துக்கும் நடுவே என் கட்டைவிரல் தாராளமாக நுழைகிறது. துளை போட்டது அவர்களுடைய பட்டறைப் பையன். நாடா சுற்றிய ஊசியை அவனே எடுத்து வந்தான், சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. என் கணவர் மட்டும் அந்த நேரத்தில் தேநீர் குடிக்க வெளியே போய்விட்டார்.

பட்டையை மகளின் பள்ளிக்கூட அளவுகோலால் அளந்தேன். உயரம் சரி, தடிப்பு சரி. எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவே 18தான் இருந்தது. வேறு செய்து தரச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை வரும் என்கிறார்கள்.

பிறை மணியம்:

நல்லது. பின் பட்டையை அளந்தீர்களா? முன் பட்டையில் 18 விட்டவன் பின்னாலும் அதையேதான் விட்டிருப்பான்.

லெட்சுமி, பட்டர்வொர்த்:

இப்போதே கூப்பிடுகிறேன் ஐயா.