ஷ்வார்ட்ஸ்கோஃப்: குரலா, கணக்கா?

இசைத்தட்டுப் பைத்தியம்:
ஒரு வாரமாக வீட்டில் எலிசபெத் ஷ்வார்ட்ஸ்கோஃப் தவிர வேறு எதுவும் ஓடவில்லை. ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'கடைசி நான்கு பாடல்கள்', 1965இல் ஜார்ஜ் செல் நடத்திய பதிவு. ஜெர்மன் சொப்ரானோக்களில், அதாவது உச்சஸ்தாயியில் பாடும் பெண்களில், இவருக்கு மேல் ஒருவர் இருக்கிறாரா? ஒவ்வொரு சொல்லையும் வாயில் போட்டுச் சுவைத்துப் பாடுகிறார். மறுப்பவர்கள் வரலாம்.

மெட்ரோனோம்:
கூப்பிட்டீர்கள், வந்துவிட்டேன். நீங்கள் சுவை என்பது எனக்குக் கொஞ்சலாகக் கேட்கிறது. ஒரு சொல்லுக்கு ஒரு பாவனை, அடுத்த சொல்லுக்கு இன்னொன்று. பாட்டு எங்கே போயிற்று? அப்புறம் இன்னொன்று: 1940இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். அதையும் சேர்த்துச் சுவையுங்கள்.

இசைத்தட்டுப் பைத்தியம்:
இரண்டாவது பதிலிலேயே நாஜி வந்தாச்சு! அவருடைய அப்பா பள்ளித் தலைமையாசிரியர். 1933இல் நாஜிக் கூட்டத்துக்குப் பள்ளியில் இடம் தர மறுத்து வேலையை இழந்தவர். அந்த வீட்டுப் பெண் மருத்துவம் படிக்க வழியில்லாமல் பெர்லின் இசைக் கல்லூரிக்குப் போனார். 1938இல் 'பார்ஸிஃபால்' ஓபராவில் பூப்பெண்களில் ஒருத்தியாக மேடையேறினார். அந்தக் காலத்தில் பெர்லினில் வேலை நிலைக்க வேறு என்ன வழி இருந்தது?

மெட்ரோனோம்:
அப்பா மறுத்து வேலையை இழந்தார், மகள் சேர்ந்து வேலையைக் காப்பாற்றிக்கொண்டார். உங்கள் உதாரணமே எனக்குச் சாட்சி. சேர்ந்ததைக்கூட விடுங்கள், பின்னாளில் நடந்ததைச் சொல்கிறேன். 1980களில் வியன்னா வரலாற்றாய்வாளர் ஆலிவர் ராட்கோல்ப் ஆவணங்களை வெளியே கொண்டுவந்தபோது அம்மையார் சொன்ன விளக்கம், தொழிற்சங்கத்தில் சேர்வது மாதிரி என்பது. அதற்கு முன் பல வருடம் மறுப்புதான். ஒவ்வொரு அசையையும் எப்படித் தயார் செய்வாரோ, அப்படியே பதிலையும் தயார் செய்திருக்கிறார். அந்தப் பாட்டில் நான் கேட்பதும் இதைத்தான்.

வேப்பமரத்தடி:
மெட்ரோனோம் சார், மறுத்தது தப்பு, அதில் உங்கள் பக்கம்தான். ஆனால் தயார் செய்வதே குற்றம் என்கிறீர்களே, அதை ஏற்க முடியாது. முதல் ஆசிரியை அவரைக் கீழ்ஸ்தாயிக் குரலாக வளர்க்கப் பார்த்தார். பிறகு பாடகி மரியா இவோகுன் ஆசிரியையாக வந்து மேலே கொண்டுபோனார். அதற்குள் காசநோய், நீண்ட ஓய்வு. இயற்கையாகக் கிடைத்ததைத் திறந்துவிட்டால் போதும் என்கிற குரல் இல்லை அது. செதுக்கித்தான் ஆக வேண்டும்.

1946இல் வியன்னாவில் வால்டர் லெக் வைத்த குரல் சோதனை தெரியும்தானே? இ.எம்.ஐ. இசைத்தட்டு நிறுவனத்தின் தயாரிப்பாளர், பிறகு இவருக்குக் கணவர். ஹூகோ வோல்ஃபின் ஒரே ஒரு சின்னப் பாட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல், வரி வரியாக, சொல் சொல்லாக. கூட இருந்த இசை நடத்துநர் காராயானே இது கொடுமை என்று எழுந்து போய்விட்டார். இவர் நின்று பாடினார்.

மெட்ரோனோம்:
அதேதான்! லெக் ஒரு பொம்மை செய்தார். 1953இல் அதைக் கட்டிக்கொண்டார்.

வேப்பமரத்தடி:
இதை நீங்கள் எழுதியிருக்க வேண்டாம். 1951இல் வெனிஸில் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ரேக்ஸ் ப்ராக்ரஸ்' ஓபரா அரங்கேறியபோது ஆன் ட்ரூலவ் பாத்திரத்தை முதலில் பாடியவர் இவர். புத்தம் புதிய இசை, மொழியோ ஆங்கிலம். பொம்மைக்கு அது வருமா?

ஸ்ட்ராஸின் 'ரோசன்கவாலியர்' ஓபராவில் முதல் அங்கத்தின் கடைசிப் பகுதியைக் கேளுங்கள். வயதாகிறதே என்று ராத்திரியில் எழுந்து கடிகாரங்களை நிறுத்துவதாக நாயகி மார்ஷலின் சொல்லும் இடம். 1956 பதிவில் குரலைக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறார். அதைக் கொஞ்சல் என்றால் உங்கள் ஸ்பீக்கரை மாற்றுங்கள்.

மெட்ரோனோம்:
ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த இடம் நல்ல இடம், ஒப்புக்கொள்கிறேன். பொம்மை என்றது அதிகம், வாபஸ். ஆனால் 1958இல் பிபிசி வானொலியில் ஆளில்லாத் தீவுக்கு எடுத்துப்போக எட்டு இசைத்தட்டு கேட்டார்கள். ஏழு அவருடையதே! இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

இசைத்தட்டுப் பைத்தியம்:
தீவில் தனியாக இருக்கும்போது பிழை கண்டுபிடிக்க வேண்டாமா :) தன்னைத் தானே விடாமல் குடைந்த ஆள். கடைசியில் எல்லாவற்றையும் உதறி ஐந்தே பாத்திரங்களில் நின்றார்: மார்ஷலின், ஸ்ட்ராஸின் 'கப்ரிச்சியோ' ஓபராவின் கோமகள், மொட்சார்ட் ஓபராக்களில் மூன்று. 1971 டிசம்பர் 31, ப்ரஸ்ஸெல்ஸில் மார்ஷலினோடு ஓபராவை முடித்துக்கொண்டார். தேய்ந்துபோய் இறங்கியவர் இல்லை.

மெட்ரோனோம்:
பாட்டு நின்றது 1979இல் ஸூரிக்கில். அடுத்த சில நாளில் லெக் இறந்தார். அதன்பின் மாணவர்களை மேடையில் வைத்து இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்திய வகுப்புகளின் காணொளி கிடைக்கிறது, பாருங்கள். 1946இல் தான் பட்டதை அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

வேப்பமரத்தடி:
பார்த்திருக்கிறேன். கடுமைதான். நானாக இருந்தால் அழுதிருப்பேன்.

புதுக்காது:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஃபுர்ட்வெங்லர் நடத்திய வாக்னரின் 'ட்ரிஸ்டான்' ஓபராவின் 1952 பதிவில், நாயகியாகப் பாடிய ஃப்ளாக்ஸ்டாடுக்கு எட்டாத உச்ச ஸ்வரங்களை இவர்தான் பாடித் தந்தாராமே, உண்மையா?

மெட்ரோனோம்:
உண்மை. ஃப்ளாக்ஸ்டாடுக்கு அப்போது 57 நெருங்குகிறது. இரண்டாம் அங்கத்தில் ட்ரிஸ்டான் ஓடி வந்ததும் வரும் மேல் ஸ்வரங்கள். தட்டில் இவர் பெயரைப் போடவில்லை. விஷயம் கசிந்ததும் ஃப்ளாக்ஸ்டாட் மனம் நொந்துபோனார்.

புதுக்காது:
இப்போதுதான் மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். ஒட்டுப்போட்ட இடம் தெரியவே இல்லையே?

மெட்ரோனோம்:
தெரியாது. அந்த விஷயத்தில் அம்மையார் கெட்டிக்காரி.