புதுப்பிப்பு: எல்எம்எல் என்வி ஸ்கூட்டருக்கு டியூப்லெஸ் ரிம்

இரண்டு பாதியாகப் பிரியும் பழைய 10 இன்ச் ரிம்மை எடுத்துவிட்டு, ஒரே துண்டாக வரும் டியூப்லெஸ் ரிம் போடுவது பற்றி முன்பு எழுதியிருந்தேன். பழைய ரிம்மையே சிலிக்கான் பூசி அடைக்கலாமா என்று பலர் கேட்டார்கள். கூடாது. இரு பாதியும் சேரும் இடத்தில் காற்று கசியும்; பூச்சு எப்போது விடும் என்று சொல்ல முடியாது.

டயர் 3.50-10 டியூப்லெஸ், இல்லையென்றால் 90/100-10. ஆக்டிவா அளவுதான், எந்தக் கடையிலும் கிடைக்கும். டயரின் உள் விளிம்பு (பீட்) ரிம்மில் இறுக உட்கார கால் பம்பு போதாது. சோப்புத் தண்ணீர் தடவி கம்ப்ரசரில் ஏற்ற வேண்டும். மாட்டியதும் சக்கரத்தைக் கையால் சுற்றி, வால்வு எங்கும் உரசவில்லை என்று பார்த்துவிடுங்கள். சக்கர நட்டுக்கு 13 மி.மீ. ஸ்பேனர், குறுக்கு வரிசையில் இறுக்கம், ஸ்பிரிங் வாஷர் கட்டாயம்.

காசிமேடு, எண்ணூர் பக்கம் ஓட்டுபவர்களுக்குத் தனியாக ஒன்று: உப்புக்காற்றில் இரும்பு ரிம்மின் பீட் உட்காரும் விளிம்பு துருப்பிடித்தால் காற்று மெல்ல இறங்கும். பஞ்சர் என்று நினைத்து டயரைக் குத்திக் குடையாதீர்கள். டயரைக் கழற்றி, துருவைத் தேய்த்து, பீட் சீலர் (விளிம்பில் காற்று கசியாமல் அடைக்கும் பசை) தடவினால் போதும்.

ஸ்டெப்னிக்குப் பழைய ரிம்மே இருக்கட்டும், டியூபோடு.