பேலாவின் செப்புக்காசு: போலி எழுத்தா, சாயலெழுத்தா?

> மூன்றாம் பேலாவின் (1172–1196) ஹங்கேரியச் செப்புக்காசில் அரபு மாதிரித் தெரியும், ஆனால் வாசிக்க வராது. காசுப் பட்டியலில் 'போலி எழுத்து' என்று போட்டால் போதாதா?

போதாது ஐயா. 'போலி அரபுக் காசு' என்று பட்டியலில் கண்டால் கள்ளக்காசு என்றுதான் யாரும் நினைப்பார்கள். இதுவோ நாட்டில் முறையாகப் புழங்கிய காசு. 'எழுத்துப்போலி' என்று திருப்பிப் போட்டால் இலக்கணக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அறம், அறன் என்று எழுத்து மாறியும் பொருள் மாறாதது அவர்கள் போலி. இங்கே பொருளே கிடையாது.

'சாயலெழுத்து' என்று வைக்கலாம். அச்சு வெட்டியவர் வட ஆப்பிரிக்காவையும் ஸ்பெயினையும் ஆண்ட அல்மொராவித் முஸ்லிம் வம்சத்தின் தினார் என்ற பொற்காசின் அமைப்பை எடுத்துக்கொண்டார்: நடுவே வரிகள், சுற்றிலும் வட்டவரி. எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் கோடும் வளையமும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

—

> சாயலெழுத்து

சொல் பிடித்திருக்கிறது. ஆனால் வேலி போடாவிட்டால் எல்லாவற்றையும் இதில் தள்ளிவிடுவார்கள். சிசிலியின் இரண்டாம் வில்லியம் வெளியிட்ட ஃபொல்லாரோ என்ற செப்புக்காசில் இருப்பது அசல் அரபு. அரசன் பெயரையே வாசிக்கலாம். பழைய இங்கிலாந்தின் மெர்சியா நாட்டு அரசன் ஓஃபாவின் பொற்காசு வேறு வகை. ஹிஜ்ரி 157 தினாரைப் பார்த்துச் செய்தது, பிழையோடு என்றாலும் படிக்க வரும். லத்தீனில் உள்ள ஓஃபா பெயர்தான் அரபுக்குத் தலைகீழாக நிற்கிறது. இப்படிப் பார்த்துச் செய்த அரபைப் 'படியெழுத்து' என்போம்.

தேய்மானமும் ஏமாற்றும். ஒரே காசை வைத்து முடிவு கட்டாமல், வேறு வேறு அச்சில் அடித்த இரண்டு மூன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அசல் எழுத்தானால் ஒன்றில் மழுங்கியது இன்னொன்றில் தெளியும். சாயலானால் எது தெளிந்தாலும் கோடும் வளையமுமே மிஞ்சும். பச்சைக் களிம்பு மறைக்கிறதே என்று செப்புக்குடத்தைப் போலப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். மேற்பரப்போடு கோடும் போய்விடும்.

—

சரி ஐயா, அசல், படி, சாயல் மூன்றையும் பிரித்தே போடுகிறேன். பேலாவின் இன்னொரு செப்பு வகையில் அமர்ந்த இரண்டு அரசர்கள், பின்பக்கம் குழந்தையுடன் மரியாள். அதில் இருப்பது லத்தீன். ஆகவே சொல்லை அரசன் பெயரோடு ஒட்டாமல் வகையோடு ஒட்டுகிறேன்: 'பேலா III, செம்பு, அரபுச் சாயலெழுத்து வகை'.